பாம்பு கடித்த பெண்: ஓர்சே மியூசியத்தில் படுத்திருப்பவள் யார்?

கேள்வி | அக்டோபர் 3

பாரிஸ் போனபோது எடுத்த படம். பழைய ரயில் நிலையத்தை மியூசியமாக்கியிருக்கிறார்களே, அதன் நடுக்கூடத்தில். வெள்ளைப் பளிங்கு. ஒரு பெண் படுத்தபடி உடம்பை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். துணி இல்லை. மணிக்கட்டில் சின்னப் பாம்பு. பெயர்ப்பலகையைப் படம் எடுக்காமல் வந்துவிட்டேன். கிளியோபாட்ரா என்று நான் நினைக்கிறேன். கூட வந்த நண்பர், "இது கலையே இல்லை, ஆம்பளைங்க பார்க்கறதுக்காகச் செஞ்ச பொம்மை, பாம்பு ஒரு சாக்கு" என்கிறார். யார் இவள்? இந்த மாதிரிச் சிலையை எப்படிப் பார்ப்பது?

அக்டோபர் 3, இரவு

கிளியோபாட்ரா இல்லை. சிலையின் பெயரே 'பாம்பு கடித்த பெண்'தான். செய்தவர் ஓகுஸ்த் க்ளெஸாஞ்ஜே, பெஸான்ஸோன் ஊர்க்காரர். அப்பாவும் சிற்பி. 1847இல் பாரிஸின் சலோன் கண்காட்சியில் இதை வைத்தார். நீளம் 180 செ.மீ., உயரம் 56 செ.மீ. சொச்சம். அதாவது ஆளளவு. இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பலகை இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். ஐரோப்பியச் சிற்பத்தில் பாம்போடு வரும் பெண்கள் நிறையப் பேர் இல்லை. கிளியோபாட்ராவுக்குப் பாம்பு மார்பருகிலோ கையிலோ இருக்கும், கூடவே அரசி என்று காட்ட ஒரு முடியணி, பாம்பு வந்த கூடை, எகிப்திய இருக்கை என்று ஏதாவது வைத்திருப்பார்கள். ஏவாளுக்குப் பழமும் மரமும் வேண்டும். யூரிடிஸ் காலில் கடிபட்டுச் செத்தவள், அதனால் சிற்பி நம் கண்ணைப் பாதத்துக்கு இழுத்துப் போவார். ஆரோக்கிய தேவதை ஹைஜியாவிடமும் பாம்பு உண்டு, ஆனால் அவள் முழுக்க உடுத்தி, கையில் கிண்ணத்தோடு நிற்பாள். உங்கள் படத்தில் பூக்களும் கூந்தலும் பாம்பும்தான் இருக்கின்றன. வேறு ஒன்றையும் வைக்காமல் விட்டதற்காகத்தான் அந்த வருஷம் பாரிஸில் அவ்வளவு சண்டை.

அக்டோபர் 4

அதே நடுக்கூடத்தில் படுத்திருக்கும் இன்னொரு பளிங்குப் பெண்ணும் உண்டு. ஷோனெவெர்க் 1871இல் செய்த 'தாரெந்தும் ஊர்ப் பெண்'. கல்யாணத்துக்குக் கப்பலில் போகும்போது கடலில் விழுந்து இறந்தவள், ஆந்த்ரே ஷெனியே எழுதிய கவிதையிலிருந்து வந்தவள். இணையத்தில் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருத்தி அலை ஒதுக்கிய உடம்பு: கைகால் தளர்ந்து கிடக்கிறது. மற்றவளுக்கு முதுகு வில்லாக வளைந்து, இடுப்பு மேலே தூக்கியிருக்கிறது. உயிர் போன உடம்பில் அந்த வளைவு நிற்காது. பாம்பு தெரியாத கோணத்தில் எடுத்த படமாக இருந்தால் முதுகைப் பாருங்கள், போதும்.

அக்டோபர் 6

பாம்பை வைத்து ஆளைச் சொல்வதில் இன்னொரு கதை இருக்கிறது. வாத்திகனில் படுத்துறங்கும் ஒரு பெரிய பளிங்குப் பெண் சிலையைப் போப் இரண்டாம் ஜூலியஸ் 1512இல் வாங்கினார். மேல்கையில் பாம்பு வடிவக் காப்பு. அதைப் பார்த்து எல்லோரும் அவளைக் கிளியோபாட்ரா என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரில் கவிதைகள் எழுதினார்கள், பிரதிகள் வார்த்தார்கள். பிரான்ஸ் மன்னர் ஃபோந்தன்புளோவில் வைத்த வெண்கலப் பிரதியும் அதில் ஒன்று. கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான் விஸ்கோந்தி என்ற அறிஞர், இது பாம்பில்லை, வளையல், இவள் கிரேக்கக் கதையில் வீரன் தீஸியஸ் கைவிட்டுப் போன அரியாத்னே என்று நிலைநாட்டினார். தலைக்கு மேல் மடிந்த கை, கால்மேல் கால், ஆழ்ந்த தூக்கம். அரியாத்னேயின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் கிடக்கை அது.

ஆக, கையில் என்ன இருக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. உடம்பு எப்படிக் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். பொருள் அதோடு ஒத்துப்போனால்தான் பெயர் நிற்கும். நம் ஆளின் உடம்பு வலியில் துடிக்கும் உடம்பா? அங்கேதான் உங்கள் நண்பர் சொன்னதற்கு வரவேண்டியிருக்கிறது.

அக்டோபர் 7

நண்பர் சொன்னதில் பாதி சரி. பாம்பு சாக்குதான். அதை 1847இல் பார்த்தவர்களே சொன்னார்கள். விஷம் ஏறிய உடம்பு இல்லை, இன்பத்தில் துவண்ட உடம்பு என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் சாக்கு எதற்குத் தேவைப்பட்டது? அந்தக் காலத்துச் சலோனில் நிர்வாணத்துக்குத் தடையே இல்லை. வருஷா வருஷம் வீனஸ், நிம்ஃப் என்ற வனக்கன்னி, மதுக்கடவுள் பக்கஸின் கூட்டத்துப் பெண்கள் என்று அறை நிறைய வைப்பார்கள். குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். பெயர் தேவதையின் பெயராக இருக்க வேண்டும், தோல் முட்டை ஓடு மாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். க்ளெஸாஞ்ஜே இரண்டையும் விட்டுவிட்டார். எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே இதைத்தான் வியந்து எழுதினார்: தேவதையுமில்லை, வனக்கன்னியுமில்லை, வெறும் பெண் ஒருத்தியைப் புராணப் பெயர் போர்த்தாமல் வைக்கத் துணிந்திருக்கிறார் என்று. எதிர்ப்பக்கத்தில் ஓவியர் தெலக்ருவா, இது சிற்பத்தில் எடுத்த தாகெரோடைப் என்று ஒதுக்கினார். தாகெரோடைப் என்பது ஆரம்பக்காலப் புகைப்பட முறை, அறிமுகமாகி எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கேமராவுக்கு முன்னால் எது இருக்கிறதோ அதை அப்படியே பிடித்துக்கொள்ளும் அந்தப் படம் கலைஞர்களுக்கு அப்போது ஒரு கிலி.

ஓர்சேயிலேயே இதன் ஓவியப் பதிப்பைப் பார்க்கலாம். கபானெல் 1863இல் வரைந்த வீனஸ் கடல் நுரைமேல் இதே மாதிரி உடம்பை வளைத்துப் படுத்திருக்கிறாள். மூன்றாம் நெப்போலியனே வாங்கினார். 1865இல் ஓவியர் மானே 'ஒலிம்பியா' என்ற நிர்வாண ஓவியத்தைக் காட்டினார். அவள் அசையாமல் நேராக நம்மைப் பார்க்கிறாள், கழுத்தில் ஒரு கறுப்பு நாடா. அதற்குக் கூச்சல், காவல். இரண்டில் எது அதிகம் சபலப்படுத்துவது என்று கேட்டால் கபானெல்தான் என்பேன், சந்தேகமே இல்லை. கடலும் சிறகுக் குழந்தைகளும் இருந்ததால் அது தப்பித்தது.

அக்டோபர் 7, பின்னிரவு

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். அடுத்த முறை போனால் தொடையின் மேற்பகுதியைப் பாருங்கள். அங்கே பளிங்கில் சின்னச் சின்னக் குழிகள், சுருக்கங்கள். இன்றைக்கு விளம்பரங்களில் க்ரீம் தடவி மறைக்கச் சொல்கிறார்களே, அதேதான். உளியை வைத்து யாரும் அப்படிக் கற்பனை பண்ணிச் செதுக்குவதில்லை. அது ஒருத்தியின் தோல்.

அக்டோபர் 10

அந்தத் தோல் எப்படிக் கல்லுக்கு வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டர் வழியாக. உயிருள்ள உடம்பின் மேல் பிளாஸ்டரைப் பூசி, அது இறுகியதும் கழற்றி, அந்த அச்சுக்குள் மறுபடி பிளாஸ்டர் ஊற்றி எடுப்பது. பிறகு அந்தப் பிளாஸ்டர் உடம்பைப் பார்த்துப் பளிங்கில் செதுக்குவது. க்ளெஸாஞ்ஜே அப்படித்தான் செய்தார். அந்தக் காலத்தில் அது சிற்பிக்குப் பெரிய அவமானம். திறமையில்லாதவன் திருட்டு வேலை என்பார்கள்.

நான் சென்னையில் சிற்பம் படித்தவள். பிளாஸ்டர் வகுப்பில் ஒரு தோழியின் முன்கையில் அச்சு எடுத்தோம். தேங்காய் எண்ணெயை நிறையத் தடவிவிட்டு, மோர்ப் பதத்தில் கரைத்த பிளாஸ்டரை ஊற்றினோம். முதலில் ஜில்லென்று இருந்தது, அவளுக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் இறுக இறுகச் சூடேற ஆரம்பித்தது. பிளாஸ்டர் கெட்டியாகும்போது வெப்பம் விடும், அது அதன் குணம். கழற்றும்போது எண்ணெய் படாத இடத்து முடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது. உள்ளே ஊற்றி எடுத்த கையைப் பார்த்தால் அந்தப் புல்லரிப்பு அப்படியே பதிந்திருந்தது! ரேகை, தழும்பு, ஊசி போட்ட புள்ளி, எல்லாம். ஆனால் கை தட்டையாக இருந்தது. ஈரப் பிளாஸ்டருக்கு எடை அதிகம், சதையை அழுத்திவிடும். மேல்தோல் அச்சு அசலாக வந்திருக்கிறது, கனம் போய்விட்டது. மேசையில் வைத்துப் பார்த்தபோது உயிரோடிருக்கும் கை மாதிரி இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், ஓர்சே சிலையின் இடுப்பும் மார்பும் தட்டையாக இல்லை. திரண்டு நிற்கின்றன. அந்த முறுக்கிய கிடக்கையை ஒரு பெண் பிளாஸ்டர் இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்கவும் முடியாது. துண்டு துண்டாக எடுத்து, சேர்த்து, அழுந்திய இடத்தைத் திரும்ப எழுப்பி, கூந்தலையும் பூக்களையும் கையால் செய்துதான் முடித்திருக்க வேண்டும். வெறும் அச்சு என்று தள்ளுபவர்கள் ஒரு முறையாவது பிளாஸ்டரில் கை வைத்துப் பார்க்கட்டும். முகத்தைப் பாருங்கள்: அது மட்டும் அந்தக் காலத்துப் பொதுமுகம், சலோனில் எந்தத் தேவதைக்கும் பொருந்தும். கழுத்துக்கு மேலே வழக்கம், கீழே ஒரு நிஜ உடம்பு. அந்தத் தையல் தெரிகிற இடத்தில் எனக்கு இந்தச் சிலை ரொம்பப் பிடிக்கும்.

அக்டோபர் 13

யாருடைய உடம்பு?

அப்பொலோனி சபாத்தியே. 1822இல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்து வயதுதான். ஃப்ரோஷோ தெருவில் அவர் வீட்டில் ஞாயிறுதோறும் எழுத்தாளர்கள் கூடுவார்கள். கோத்தியே, ஃப்ளோபேர், போத்லேர் எல்லாம் அந்தக் கூட்டம். 'தலைவி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். கவிஞர் போத்லேர் தன் பெயர் போடாமல் அவருக்குக் கவிதைகள் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1857இல் போத்லேரின் தொகுப்பின் மேல் வழக்கு வந்து ஆறு கவிதைகளை நீதிமன்றம் நீக்கச் சொன்னதே, அதில் ஒன்று இந்தப் பெண்ணுக்கு எழுதியது. அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய 1949 ஆகிவிட்டது.

சிலையைச் செய்யச் சொன்னவர் சபாத்தியேவின் காதலர் மொஸ்ஸெல்மன், பணக்காரர். உடம்பு யாருடையது என்று சலோனுக்கு வந்தவர்கள் காதோடு காது பேசிக்கொண்டார்கள். கலைச்சண்டையோடு ஊர்வம்பும் சேர்ந்துகொண்டது. க்ளெஸாஞ்ஜே ஒரே வாரத்தில் பிரபலம்.

எனக்கு இதில் இன்னும் தீராத ஒரு நெருடல் உண்டு. அவர் சம்மதத்தோடு படுத்தாரா, தன்னை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று தெரிந்து படுத்தாரா? வீட்டில் எழுத்தாளர் கூட்டம் நடத்திய பெண், கெட்டிக்காரி, ஆண்கள் நடுவே தன் வார்த்தை எடுபடும்படி வாழ்ந்தவர். அவரை வெறும் பலியாக நினைப்பது அவருக்கே மரியாதை இல்லை என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அந்தத் தொடைக் குழிகள் முன்னால் நின்றால், இது அவர் வெளியே காட்ட நினைத்ததா என்று கேள்வி வந்துவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

பிறகு ஒரு விஷயம், ஐம்பது வருஷம் கழித்து இதே கதை திரும்ப வந்தது. 1896இல் சிற்பி ஃபால்கியேர் ஒரு நிர்வாண நடனக்காரியைக் காட்டினார். முகம் ஓபரா நடனக்காரி க்ளேயோ த மெரோதுடையது. உடம்பும் அவருடையதே என்று பாரிஸ் பேசியது, நேராக உடம்பிலிருந்து அச்சு எடுத்தது என்றும் பேசியது. தலைக்கு மட்டும்தான் நான் உட்கார்ந்தேன் என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். சபாத்தியேவுக்குத் தலை மாறியது, உடம்பு தங்கியது. மெரோதுக்குத் தலை தங்கி, யாருடையதோ ஒரு உடம்பு ஒட்டிக்கொண்டது. எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரிகிறது: இரண்டாவது.

அக்டோபர் 14

"தத்துவம் போதும், அங்கே போய் நின்றால் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

முதலில் சுற்றுங்கள். எல்லோரும் முன்பக்கம் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். படுத்திருக்கும் சிலைக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. தலைமாட்டில் நின்றால் கூந்தலும் பூவும் கலந்த ஒரு குவியல், அதற்கு அப்பால் உடம்பு மலைத்தொடர் போலக் கிடக்கும். முதுகுப்பக்கம் போனால் முள்ளந்தண்டின் பள்ளம் இடுப்பில் எப்படித் திரும்புகிறது என்று தெரியும். முதுகுதான் இதில் சிறந்த பகுதி என்பேன். அங்கே பாம்பும் இல்லை, கதையும் இல்லை.

அடுத்தது வெளிச்சம். ஓர்சே 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986இல் மியூசியமாகத் திறந்தார்கள். நடுக்கூடத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை, அதனால் பளிங்குக்குப் பகல் வெளிச்சம் கிடைக்கிறது. நல்ல பளிங்கில் வெளிச்சம் மேலே பட்டுத் திரும்பிவிடாது, கொஞ்சம் உள்ளே போய்ச் சிதறித் திரும்பி வரும். நம் தோலிலும் அப்படித்தான். மார்பின் விளிம்பு, விரல் நுனி, காதுமடல் போன்ற மெல்லிய இடங்கள் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரிவது இதனால். பிளாஸ்டரில் இது வராது, அது வெளிச்சத்தைக் குடித்துச் சப்பென்று நிற்கும். மேகமூட்டமான நாளில் போங்கள். வெயில் அடித்தால் நிழல்கள் கடுமையாகிச் சின்ன மேடுபள்ளங்கள் தொலைந்துபோகும். வியாழக்கிழமை இரவு பத்து மணி நெருங்கும் வரை திறந்திருக்கும், அப்போது கூட்டம் குறைவு. ஆனால் விளக்கொளிதான்.

மூன்றாவது, எது வழவழப்பு, எது சொரசொரப்பு என்று பிரித்துப் பாருங்கள். சிற்பி எங்கே நுரைக்கல் போட்டுத் தேய்த்திருக்கிறார், எங்கே பல்லுளித் தடத்தை விட்டிருக்கிறார் என்பதுதான் அவர் உங்கள் கண்ணை எங்கே நிறுத்த நினைத்தார் என்பதைச் சொல்லும். தோலுக்குப் பக்கத்தில் கூந்தலோ பூவோ கரடாக இருந்தால்தான் தோல் தோலாகத் தெரியும்.

கிளர்ச்சி வந்தால்? வரட்டும். அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். அதை மறைத்துக்கொண்டு "என்ன ஒரு வடிவ ஒழுங்கு" என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வந்த பிறகும் நின்று பார்க்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் சிலையை எடைபோடுகிறேன். கபானெலின் வீனஸ் முன்னால் கொஞ்ச நேரத்தில் கண் வழுக்கிப்போய்விடுகிறது. இங்கே அப்படி ஆவதில்லை.

அக்டோபர் 19

சிற்பி ரோதானைப் பற்றிக் கேட்டவருக்கு.

ஆமாம், அவர் மேலும் இதே பழி. 1877இல் 'வெண்கல யுகம்' என்ற ஆண் நிர்வாணத்தைக் காட்டினார். ஆளளவு. மாடலாக நின்றவர் ஓகுஸ்த் நெய்ட் என்ற பெல்ஜியப் படைவீரர். பிரசல்ஸில் ஆரம்பித்த சந்தேகம் பாரிஸ் சலோன் வரை துரத்தியது: உடம்பிலிருந்து நேரடியாக அச்சு எடுத்துவிட்டார் என்று. ரோதான் மாடலின் புகைப்படங்களை எடுக்க வைத்து, சிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அனுப்பினார். அது பொய்ப் பழி. 1880இல் அரசே ஒரு வெண்கலப் பிரதியை வாங்கியது. அந்தப் பழி வந்த பிறகு ஆளளவைவிடப் பெரிதாக ஒரு திருமுழுக்கு யோவான் சிலையைச் செய்தார். அந்த அளவில் அச்சு எடுக்க ஆள் கிடையாது அல்லவா. முதல் நாள் அளவை மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்: கச்சிதமாக ஆளளவு என்றால் சந்தேகம் வரும், கால் பங்கு கூடினாலோ குறைந்தாலோ அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஓர்சேயில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியும். க்ளெஸாஞ்ஜேவில் மேல்தோல் பேசுகிறது. ரோதானில் தோலுக்குக் கீழே ஏதோ தள்ளிக்கொண்டு வருகிறது, விலா ஒவ்வொன்றும் உள்ளிருந்து எழும்புகிறது. அவருடைய கட்டைவிரல் மண்ணை அழுத்திய தடங்கள்தான் வெண்கலத்தில் வெளிச்சத்தைப் பிடிக்கின்றன. அச்சு எடுத்த கையில் எனக்குக் கிடைக்காத கனம் எங்கிருந்து வரும் என்று அந்தச் சிலை முன்னால்தான் புரிந்தது.

அந்தச் சிலையின் இடது கையில் முதலில் ஒரு ஈட்டி இருந்தது. ரோதான் எடுத்துவிட்டார். கை எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கிறது, அதனால் அவன் தோற்றவனா, விழிக்கிறவனா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடையாளப் பொருளை வைத்து ஆளைச் சொல்லும் பழக்கத்துக்கே அதோடு ஒரு முற்றுப்புள்ளி.

அக்டோபர் 22

"நம்ம கோயில்ல இல்லாததா?" இருக்கிறது. ஆனால் அது வேறு வழி. சோழர் செப்புத் திருமேனியில் உமையின் இடையும் மார்பும் எவ்வளவு சதைப்பற்றோடு இருந்தாலும் அதற்கு எந்தப் பெண்ணும் நின்றதில்லை. ஸ்தபதி தாலம் என்ற முக அளவுக் கணக்கில் அளவெடுத்து, மெழுகில் பிடித்து வார்க்கிறார். எலும்பு தெரியாது, தசை இறுகாது. மூச்சு நிரம்பிய வயிறு மட்டும் லேசாக முன்னால் வரும். ஒருத்தியின் உடம்பு இல்லை அது, அதனால் யாருக்கும் கூச்சம் வருவதில்லை. பாரிஸிலேயே கிமே மியூசியத்தில் சோழச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. காலையில் அங்கே போய்விட்டு மதியம் ஓர்சேக்கு வந்தால் இரண்டு உலகம் என்று உடம்புக்கே தெரியும். எது உயர்வு என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை.

அக்டோபர் 28

"ஆண்கள் பார்ப்பதற்காகச் செய்தது" என்பதைத் திரும்ப எடுக்கிறேன். நண்பர் சொன்னதில் பாதி சரி என்றேன், மற்ற பாதியைச் சொல்லாமலே நகர்ந்துவிட்டேன். அது பெண் சிற்பி கமீல் க்ளோதெலின் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது.

பாரிஸ் அரசுக் கலைப்பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. நிர்வாண மாடலைப் பார்த்துப் படிக்க வேண்டிய பெண்கள் தனியார் பயிற்சிக் கூடங்களுக்குப் பணம் கட்டிப் போனார்கள். க்ளோதெலும் அப்படித்தான், கொலரொஸ்ஸி கூடத்தில். 1892இல் 'வால்ஸ்' என்ற தன் சிற்பத்தைப் பளிங்கில் செய்ய அரசிடம் உதவி கேட்டார். ஆணும் பெண்ணும் நிர்வாணமாகத் தழுவிச் சுழன்றாடும் ஜோடி. பார்க்க வந்த அதிகாரி அர்மான் தயோ, வேலை அபாரம், ஆனால் இரண்டு பேரும் இவ்வளவு நெருக்கமாக நிர்வாணமாக இருப்பதைப் பொதுக்கூடத்தில் வைக்க முடியாது, துணி போடுங்கள் என்று எழுதினார். க்ளோதெல் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து கீழே ஒரு பாவாடைச் சுழலைச் சேர்த்தார்.

இப்போது அந்தத் துணியைப் பாருங்கள், ரோதான் மியூசியத்தில் வெண்கலப் பிரதி உண்டு. மறைக்கச் சொன்ன துணிதான் சுழற்சியைத் தூக்கிக்கொண்டு போகிறது. சாய்ந்து விழப்போகிற இரண்டு உடம்பையும் அதுதான் தாங்குகிறது. அந்த ஆணின் முகம் பெண்ணின் கழுத்தருகில் இருக்கிறது, முத்தம் இன்னும் நடக்கவில்லை. எனக்கு அந்த நூற்றாண்டின் மிகச் சபலமான சிற்பம் இதுதான். செய்தவர் பெண். 1847இல் ஒரு பெண்ணின் தொடைக்குழி வரை வைக்க அனுமதித்த ஊர், நாற்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு பெண் சிற்பிக்கு இரண்டு பேர் தழுவுவதைத் தடுத்தது. இதுதான் நான் சொல்லாமல் விட்ட பாதி. யார் பார்ப்பதற்காக என்பது ஒரு கேள்வி என்றால், யார் செய்ய விட்டார்கள் என்பது அதைவிடக் கோபம் வரவழைக்கும் கேள்வி.

அக்டோபர் 29

ஆண் நிர்வாணத்துக்கு எதிர்ப்பே வராதா என்று ஒருவர். பிரச்சினை எப்போதும் நிர்வாணத்தைவிட அது எவ்வளவு நிஜமாக இருக்கிறது என்பதில்தான் வந்திருக்கிறது. சிற்பி கார்ப்போ பாரிஸ் ஓபராவின் முகப்பில் 1869இல் வைத்த 'நடனம்' நினைவிருக்கிறதா? நடுவில் இறக்கை விரித்த இளைஞன், சுற்றிலும் சிரித்துக்கொண்டே ஆடும் பெண்கள். இரவில் யாரோ மைப்புட்டியை எறிந்துவிட்டுப் போனார்கள். எடுத்துவிட்டு வேறு வைக்க உத்தரவும் ஆயிற்று, அதற்குள் 1870 போர் வந்துவிட்டது, சிலை தப்பியது. அசல் இப்போது ஓர்சேயில். ஓபராவில் நிற்பது 1964இல் போல் பெல்மோந்தோ செய்து வைத்த பிரதி.

அந்தப் பெண்களின் முழங்காலையும் வயிற்று மடிப்பையும் பாருங்கள். வியர்த்த பெண்கள் அவர்கள். தேவதைக்கு வியர்க்காது.

நவம்பர் 2

க்ளெஸாஞ்ஜேவைப் பற்றி ஒன்று. 1847 மே மாதம் அவர் பெண் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டின் மகள் சொலான்ஜை மணந்தார், அதாவது சலோன் அமளி ஓயும் முன்பே. அந்தக் கல்யாணத்தால் வந்த குடும்பச் சண்டையில் சாண்டும் அவருடைய காதலர், இசையமைப்பாளர் ஷோபானும் பிரிந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1849 அக்டோபரில் ஷோபான் இறந்தபோது முகத்தில் பிளாஸ்டர் வைத்து மரண முகமூடி எடுக்க வந்தவர் இதே க்ளெஸாஞ்ஜே. கையையும் அச்செடுத்தார். பெர் லஷேஸ் கல்லறையில் உடைந்த யாழோடு குனிந்திருக்கும் கிரேக்க இசைத்தேவதையின் சிலையும் அவருடையதே. சபாத்தியேவின் தொடையில் பூசிய அதே பிளாஸ்டர் வேலை. செத்த முகத்தில் அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. இதை யோசித்தபிறகு 'அச்சு எடுத்தால் கலையில்லை' என்ற வாதத்தை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நவம்பர் 9

கேள்வி கேட்டவர் திரும்பப் பாரிஸ் வருவதாக எழுதியிருக்கிறார், நண்பரோடு. நல்லது. ஓர்சே திங்கள் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் முன்பதிவு செய்யுங்கள்.

அதோடு பாரிஸிலேயே இருக்கும் பெத்தி பலே மியூசியத்துக்கும் போங்கள், நிரந்தரச் சேகரிப்புக்கு டிக்கெட் கிடையாது. அங்கே க்ளெஸாஞ்ஜே 1848இல் காட்டிய 'படுத்திருக்கும் பக்காந்த்', அதாவது பக்கஸ் கூட்டத்துப் பெண், இருக்கிறாள். கிட்டத்தட்ட அதே உடம்பு, அதே வளைவு. ஆனால் இந்த முறை பாம்பு போய், திராட்சை வந்துவிட்டது. திராட்சை வந்ததும் புராணமும் வந்துவிட்டது, அதனால் ஊர் முந்தின வருஷம் அளவுக்குக் கொதிக்கவில்லை. முதலில் முகம், பிறகு தொடை, கடைசியில் முதுகு என்று பாருங்கள். இரண்டில் எது சாக்கு, எது பெண் என்று நண்பரிடம் அங்கேயே கேளுங்கள். அவர் சொல்வதை இங்கே வந்து எழுதுங்கள், எனக்கு அது வேண்டும்.